பிரேக்கின் கடைசி மில்லிமீட்டர்

என் சைக்கிளைத் தொங்கவிட ஒரு கொக்கி தயாராக இருந்தது. குன்றத்தூரில் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், புதிதாகத் தொடங்கவிருந்த காபிக் கடையின் சுவரில் அதை அடித்து வைத்திருந்தார். கல்லாவுக்கு எதிர்ச்சுவர். பூசாமல் விட்ட செங்கல், மேலே ஒரு மஞ்சள் விளக்கு, விளக்குக்குக் கீழே கொக்கி. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, “எடம் ரெடி மாப்ள” என்று எழுதியிருந்தார். பழைய ரேஸ் சைக்கிளைச் சுவரில் மாட்டி வைப்பது நகரத்துக் காபிக் கடைகளில் இப்போது வழக்கமாம். அவருக்குத் தெரிந்த ஒரே பழைய ரேஸ் சைக்கிள் என்னுடையது.

கொடுப்பதாக நான் சொல்லவில்லை. கொடுக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லும் நிலையிலும் இல்லை. காரணம், பிரேக்.

அந்தச் சைக்கிள் எங்கள் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை செய்த ஒரு கொரிய இன்ஜினியருடையது. ஊர் திரும்பும்போது அதை விமானத்தில் ஏற்றும் தொல்லை வேண்டாம் என்று என்னிடம் விட்டுப்போனார். மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டம், வளைந்த ஹேண்டில்பார், விரலால் சுண்டினால் மணி போல ஒலிக்கும் முன்சக்கர ஃபோர்க். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், அளவு சோதிக்கும் அறைக்கு நான் பொறுப்பு. நாள் முழுவதும் யாராவது ஒரு பாகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, பாஸா ரிஜெக்டா என்று கேட்டு நிற்பார்கள். காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் படப்பையிலிருந்து ஏரிக்கரை வழியாக ஒரு சுற்றுப் போய் வருவேன். அந்த நேரத்தில் மட்டும் யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. நானும் எதையும் அளப்பதில்லை. எனக்கென்று இருக்கும் பொழுது அது ஒன்றுதான்.

சிக்கல் டயரில் தொடங்கியது. அந்தச் சைக்கிளுக்கான பழைய அளவு டயர் எங்கும் கிடைக்கவில்லை. அதனால் சக்கரங்களையே மாற்றினேன். புதிய சக்கரம் பழையதைவிட ஒரு துளி சிறியது. சக்கரம் சிறியதானதும் பழைய பிரேக்கின் ரப்பர் கட்டை ரிம்மில் பாதியும் டயரில் பாதியுமாகப் பிடித்தது. நாட்குறிப்பில் “தற்காலிக ஏற்பாடு” என்று எழுதினேன். பிறகு மழைக்காலம் வந்தது. படப்பை கடைத்தெருவில், ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்ற ஒரு ஷேர் ஆட்டோவின் பின்பக்கத்தில் போய் முட்டினேன். இரண்டு பிரேக்கையும் முழுக்க அழுத்திக்கொண்டேதான் முட்டினேன். அது எனக்கு வலியைவிடப் பெரிய எரிச்சலாக இருந்தது. முழங்கால் வீங்கியது. ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “இம்மா வயசுல ரேஸு கேக்குதா?” என்றார்.

என் மனைவி இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி மையத்தில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து போகும் வழியில் விழுந்து, திரும்பி வரும் பைக் ஓட்டிகளின் முழங்கால்களைக் கழுவிக் கட்டுவது அவள் வேலையில் பாதி. என் முழங்காலையும் அப்படித்தான் கட்டினாள், வேறு யாருடையதோ போல. கட்டி முடித்ததும் சொன்னாள்.

“நீங்க ஓட்டறத நான் வேணான்னு சொல்லல. நிக்கற வண்டிய ஓட்டுங்க. அண்ணன் கடை தெறக்கறதுக்குள்ள இது நிக்கணும். நிக்கலன்னா அங்க அனுப்பிடறேன். அங்கனா செவுத்துலயாவது நிக்கும்.”

எப்படிச் சோதிப்பது என்பதையும் அவளே முடிவு செய்தாள். ஏரிக்கரைச் சாலை இறங்கும் இடத்தில் ஒரு சரிவு இருக்கிறது. சரிவு முடிவதற்கு முன் சாலையின் குறுக்கே காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒரு கோடாக ஒட்டுவாள். சரிவின் பாதியில், சாலையோரம் ஒரு வேப்பமரம். நான் மேலிருந்து வழக்கமான வேகத்தில் வந்து, வேப்பமரத்தருகே பிரேக் பிடித்து, அந்தக் கோட்டைத் தாண்டாமல் நிற்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் பல பேர் கூடி எழுதும் சோதனை முறைகளைவிட இது தெளிவாக இருந்தது. எனக்கு மறுக்க வழியில்லை.

படப்பை கடையில் முதலில் கேட்டேன். கடைக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது ஃபாரின் வண்டி சார். பசங்க சைக்கிளு பிரேக்கு கீது, வேணும்னா வளச்சி மாட்டித் தரேன்” என்றார். வளைத்து என்ற சொல்லைக் கேட்டதுமே கிளம்பிவிட்டேன்.

சாலைச் சைக்கிளுக்கான பிரேக் என்பது ஒரு இடுக்கி மாதிரி. சட்டத்தில் ஒரு போல்ட்டால் மாட்டியிருக்கும். அந்த போல்ட்டின் மையத்திலிருந்து, கட்டை ரிம்மைத் தொட வேண்டிய இடம் வரை உள்ள தூரம்தான் முக்கியம். பிரேக்கின் இரண்டு கைகளிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கட்டையை அதில் மேலும் கீழும் நகர்த்தித் தேவையான இடத்தில் இறுக்கிக்கொள்ளலாம். எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை எட்டும் என்பதை வைத்தே பிரேக்குகளை விற்கிறார்கள். இப்போது வரும் சைக்கிள்களில் டயருக்கும் சட்டத்துக்கும் இடைவெளி குறைவு. அதனால் கடைகளில் கிடைப்பவை எல்லாம் குட்டைக் கை. பழைய சட்டத்துக்கு நீளக் கை வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு நாள்கணக்கில் ஆனது. கேட்ட இடத்திலெல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே பதில். “டிஸ்க் பிரேக் வச்ச புது வண்டி எடுத்துடுங்க சார்.” பல்லில் வலி என்று போனவனிடம் புதுத் தலை வாங்கச் சொல்வது மாதிரி.

அளந்தேன். வேலைக்காக அளப்பதைப் போலவே அளந்தேன். துடைத்து, சக்கரத்தைச் சரியாக உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கமும் மறுபடி மறுபடி. முன்பக்கம் ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். பின்பக்கம் ஐம்பத்தாறு.

சென்னையில் பழைய சைக்கிள் பாகங்கள் வைத்திருக்கும் ஒரு கடைக்காரரைப் போனில் பிடித்தேன். எண்களைச் சொன்னதுமே, “நாப்பத்தேழுலேந்து அம்பத்தேழு வரைக்கும் எட்டறது ஒரு செட்டு வச்சிருக்கேன் சார். உங்க ஃபிரேமுக்கு அதான். ஒக்காந்துக்கும்” என்றார். அனுப்பினார். பெட்டியைப் பிரித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. கனமான கைகள், ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, அசைத்தால் ஆட்டமே இல்லை. போல்ட்டும் பழைய சட்டத்துக்கு ஏற்ற நீளத்தில், பின்னால் நட்டுப் போட்டு முடுக்குவதாக இருந்தது.

பின்பக்கம் மாட்டினேன். கட்டையை ரிம்மின் உயரத்துக்கு இறக்கிக்கொண்டே வந்தேன். பள்ளத்தின் அடியை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நின்றது. கீழே ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் ஒரு பாகத்தின் அளவு நாற்பத்தேழுக்கும் ஐம்பத்தேழுக்கும் இடையில் இருக்கலாம் என்று வரைபடம் சொன்னால், ஐம்பத்தாறு என்பது பாஸ்தான். ஆனால் நான் அதை நிம்மதியாகப் போகவிட மாட்டேன். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பேன். எல்லையின் ஓரத்தில் இருப்பது இன்றைக்கு உள்ளே, நாளைக்கு வெளியே. அளவு நடுவில் விழ வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அந்த அறையில் தலை நரைத்திருக்கிறது. பிரேக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த ஒரு மில்லிமீட்டரைப் பார்த்தபோது என் கை தானாகவே ஸ்பேனரை எடுத்தது. கழற்றினேன். துடைத்தேன். வந்த தாளிலேயே, வந்த மடிப்பிலேயே சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

“இன்னா சார், ஒடஞ்சிதா?” என்று கேட்டார் போனில் சென்னைக் கடைக்காரர்.

“இல்ல. எல்லைக்கு ரொம்பப் பக்கத்துல நிக்குது.”

“எந்த எல்லை சார்?”

விளக்கினேன். முழுதும் கேட்டுக்கொண்டார்.

“சரி சார். ஓட்டிப் பாத்தீங்களே, புடிச்சிதா?”

“ஓட்டிப் பாக்கல.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெட்டியை இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது.

“அனுப்பி வைங்க” என்றார். வேறொன்று இருப்பதாகவும், ஐம்பதிலிருந்து அறுபத்தைந்து வரை எட்டும் என்றும், ஆனால் அதை வாங்கும்படி தான் சொல்லப்போவதில்லை, நானே கேட்டதாக இருக்கட்டும் என்றும் சொன்னார். நான் கணக்குப் போட்டேன். நடு, ஐம்பத்தேழரை. என் ஐம்பத்தாறு ஏறக்குறைய நடுவில். கேட்டேன்.

அது வந்தபோது போல்ட் குட்டை. நட்டு சட்டத்துக்குள்ளேயே புதைந்துகொள்ளும் இந்தக் காலத்துச் சைக்கிளுக்கானது. என் சைக்கிளில் அது சட்டத்தின் மறுபுறம் வரை எட்டவே இல்லை. நீளமான போல்ட்டுக்கு மறுபடியும் காத்திருந்தேன். கருவிகள் கடையும் எங்கள் டூல் ரூமின் பொறுப்பாளர் தென்காசிக்காரர், என் வயதுதான், மதிய உணவுக்கு எப்போதும் என்னோடு உட்காருவார். “ஒரு போல்ட்டுக்கா இப்பிடி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீரு? அளவச் சொல்லும்வே, லேத்துல போட்டு சாயங்காலம் கையில தாரேன்” என்றார். கம்பெனிப் பொருளில் சொந்த வேலை கூடாது என்றேன். “உம்ம கூட ஒக்காந்து சோறு திங்கதுக்கு ஆடிட்டர் கூட ஒக்காரலாம்” என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டார்.

போல்ட் வந்தது. மாட்டினேன். கட்டை பள்ளத்தின் நடுவில் அழகாக நின்றது. அதைப் படம்கூட எடுத்தேன். கைகள் கொஞ்சம் மெலிந்தவை என்பதையும், இரண்டு கைகளும் ஒரே அச்சில் ஆடுவதையும் கவனிக்காமல் இல்லை. ஆனால் அளவு நடுவில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்து, மனைவி கோயிலுக்குப் போன சேலையோடேயே ஏரிக்கரைக்கு வந்தாள். பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்துச் சாலையின் குறுக்கே ஒட்டி, செருப்பால் மிதித்து அழுத்தினாள். நான் மேலிருந்து வந்தேன். வேப்பமரத்தருகே அழுத்தினேன். பிரேக் கிறீச்சென்று கத்தியது. கரையில் படுத்திருந்த நாய்கள் எழுந்து நின்றன. கைகள் இரண்டும் சக்கரத்தோடு சேர்ந்து முன்னால் வளைந்துகொடுப்பது பிடியிலேயே தெரிந்தது. பிளாஸ்திரியைத் தாண்டி ஒரு சைக்கிள் நீளம் போய்த்தான் நின்றேன்.

“சத்தம் நல்லா புடிக்குது” என்றாள்.

அந்த வாரம் நான் வீட்டில் பேசியதெல்லாம் அந்தப் பிரேக்கோடுதான். கட்டைகளை மாற்றினேன். கம்பியைப் புதிதாக இழுத்தேன். சத்தம் நிற்பதற்காகக் கட்டையின் முன்னோரத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தேன். சத்தம் குறைந்தது, வளைவது குறையவில்லை. எல்லா அளவும் சரி. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தப்பாக ஏதாவது அகப்பட்டால் அதைத் திருத்தலாம். இதில் திருத்த ஒன்றுமே இல்லை. மச்சான் போன் செய்தார்.

“மாப்ள, வர ஞாயித்துக்கெழம ஃபாதர் வந்து மந்திரிச்சி கடை தெறக்கறாரு. வண்டிய ஒரு தபா தொடச்சி குடுத்துடுங்க. செயின்ல ஆயில் கீயில் வேணாம், செவுத்துல வழியும்.”

“இன்னும் முடிவாகல மச்சான்.”

“அட, அது பாட்டுக்கு வெளக்கு கீழ ஜம்முனு கெடக்கும். உங்களுக்கும் கால் பொழைக்கும்.”

மறுநாள் வேலையில், ஒரு கதவுப் பாகத்தை அளக்க மேசையில் வைத்து இறுக்கினேன். அந்த மேசையில் பாகத்தை அமுக்கிப் பிடிக்க இரும்பில் ஒரு கிளாம்ப் உண்டு. அதிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் போல்ட். போல்ட் பள்ளத்தின் கடைசி முனையில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கே அதை வைத்தவன் நான்தான், பல வருடங்களுக்கு முன்னால். அந்தக் கதவின் உயரத்துக்கு அதுதான் தோது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அதை இறுக்குகிறேன். ஒரு நாளும் அதற்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டத் தோன்றியதில்லை.

கையில் கதவோடு அப்படியே நின்றேன். வரைபடத்தில் வரும் எல்லை, ஒரு பொருள் எவ்வளவு வரை பிசகலாம் என்று சொல்வது. பள்ளம் அப்படியல்ல. அது நமக்கு வேண்டிய இடத்தில் வைத்து இறுக்கிக்கொள்ள விட்ட இடம். இறுக்கிய பிறகு அது எங்கும் நகரப் போவதில்லை. நடுவில் இறுக்கினாலும் ஓரத்தில் இறுக்கினாலும் பிடி ஒன்றுதான். நான் ஒரு நல்ல பிரேக்கை, ஒரு முறைகூட அழுத்திப் பார்க்காமல், அதன் பள்ளத்தை மட்டும் பார்த்து ரிஜெக்ட் செய்திருந்தேன்.

வரைபடம் கேட்டு உள்ளே வந்த தென்காசிக்காரர் என்னையும் கிளாம்பையும் பார்த்தார். “என்னவே, அத இந்த மொற மொறைக்கீரு? உம்மள ஏசிட்டாக்கும்?”

“ஆமா” என்றேன்.

வெளியே வந்து கடைக்காரரை அழைத்தேன்.

“அந்த முதல் பிரேக் இருக்கா?”

“நீங்க ஓட்டாம திருப்பிக் குடுத்ததா?”

“அதுதான்.”

“இன்னா சார், எல்லை தள்ளிப் போயிடுச்சா?”

இருக்கா இல்லையா என்று மறுபடி கேட்டேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, “கீது சார், கீது. அத வேற எவன் வந்து கேக்கப் போறான்” என்றார். எனக்கு அவர் மேலும் கோபம். அன்றைக்கே போனில் அவர் என்னை ஒரு சத்தம் போட்டுத் தடுத்திருக்கலாம்.

பிரேக் சனிக்கிழமை மாலை வந்தது. நான் சுற்றிய அதே மடிப்பில். இருட்டுவதற்குள் மாட்டி, கட்டையை அதே ஐம்பத்தாறில், பள்ளத்தின் அடியில் வைத்து இறுக்கினேன். பார்க்கப் பிடிக்கவில்லை. இறுகியது.

மறுநாள் பூசை முடிந்து ஏரிக்கரைக்குப் போனபோது மச்சான் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். புது வேட்டி சட்டை. கடைக்கு நாற்காலி ஏற்றிய குட்டியானை வண்டி சரிவின் அடியில் நின்றது. பின்னால் நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் அளவுக்கு இடம் விட்டு, கயிறும் சாக்கும் தயாராகக் கிடந்தன. “அப்பிடியே ஏத்திக்கினு போயிடலாம்னுதான் வந்தேன் மாப்ள. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். பழைய பிளாஸ்திரி லாரிச் சக்கரங்களில் போயிருந்தது. மனைவி அதே இடத்தில் புதிதாக ஒட்டினாள்.

மேலே போய்த் திரும்பினேன். சைக்கிளின் குறுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கீழே வெள்ளைக் கோடு, அதற்கு அந்தப் பக்கம் கயிறு. பிறகு ஏறினேன். வழக்கமான வேகம், அதற்குக் குறைவில்லை. வேப்பமரம். அழுத்தினேன். சத்தம் வரவில்லை. என் உடம்பு முழுவதும் முன்னால் தள்ளப்பட்டது. சைக்கிள் நின்றது.

குனிந்து பார்த்தேன். முன் டயர் பிளாஸ்திரியின் மேல் நின்றது.

“தொட்டுட்டாரு!” மச்சான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “கோட்டு மேல கால வச்சிட்டாரு. நோ பால்!”

“நோ பால் பவுலருக்குண்ணே. அவரு பேட்ஸ்மேன்” என்றாள் மனைவி.

“பேட்ஸ்மேனா இருந்தாலும் கோட்டு மேல நின்னா ரன் அவுட்டும்மா!”

அவர் சொன்னது சரி. எனக்குத் தெரியும். அது போதாதென்று நானும் வாயைத் திறந்தேன். “தொட்டுத்தான் இருக்கு. ஒரு தடவ வச்சு முடிவு பண்ணக் கூடாது. இன்னும் ரெண்டு தடவ வந்து…”

மனைவி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். டயரைப் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தாள். பிறகு பின் பிரேக்கை விரலால் ஆட்டிப் பார்த்தாள். அது ஆடவில்லை.

“நான் இன்னா சொன்னேன்? தாண்டக் கூடாதுன்னேன். தொடக் கூடாதுன்னா சொன்னேன்?” எழுந்து, டயரை நகர்த்தச் சொல்லி, பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் உரித்தாள். “எடுங்க வண்டிய. ஃபாதர் வந்துருவாரு. அண்ணே, நாற்காலிய நல்லா கட்டு, கயிறு சும்மாதான கீது.”

“அப்ப செவுத்துக்கு நான் இன்னாத்த மாட்டறது?” என்று கேட்டார் மச்சான்.

அவர்கள் இருவரும் குட்டியானையில் போனார்கள். நான் சைக்கிளிலேயே குன்றத்தூர் போனேன். வழியில் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனதில் மந்திரிப்புக்குப் பிந்திவிட்டேன்.

இப்போதும் காலையில் வண்டியை எடுக்கும்போது கண் நேராகப் பள்ளத்தின் அடிக்குத்தான் போகிறது. அது அங்கே நிற்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வளையும் பிரேக்கைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அது பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது, நடுவில் விழுந்த அளவோடு. காபிக் கடைக் கொக்கியில் வாழைத்தார் தொங்குகிறது. விளக்கு வெளிச்சத்தில் பழம் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் நான் போய் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மச்சான் வெளியே வந்து, இரண்டு பிரேக்கையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் எனக்குக் காபி போடச் சொல்கிறார்.